சாணுக்கு ஒரு படிவம்

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
எங்கள் கவுன்சிலில்
சாணுக்கு ஒரு படிவம், முழத்துக்கு வேறொன்று.
தரைப்பலகை நனைந்தால் நீலம்,
பிளக்பாயிண்ட் மூழ்கினால் மஞ்சள்.
இரண்டையும் எழுதியவள் நான்தான்,
போன ஜூலையில்,
யார்க்ஷயரில் புல்கூடக் கருகிக் கிடந்த ஒரு மத்தியானம்.

பிப்ரவரி, அதிகாலை இரண்டேகால்.
தலையணைக்கடியில் அலுவலகப் போன் துடித்தது.
பாலத்து அளவுகோல் இரண்டு மீட்டர் எண்பது,
ஏறிக்கொண்டே இருக்கிறது.
நான் காலணிக்குள் கால் நுழைப்பதற்குள்
சைரன் பள்ளத்தாக்கின் இரு சுவரிலும் முட்டி
எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாததுபோல் அலறியது.

அவசரகாலத் திட்டம், நான்காம் பதிப்பு, அறுபத்திரண்டு பக்கம்.
அதில் டெரிக் ஆக்ராய்டின் முழங்கால் வலி இல்லை.
டிப்போ சாவி அவரிடம்.
அவர் நொண்டி வந்து திறக்குமுன்
கீழ்த்தெரு மொத்தமும் வேலி தாண்டி
மணல்மூட்டைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தது.
கையெழுத்து யாரிடமும் வாங்கவில்லை.
காணாமல்போன இருநூறு மூட்டையைப் பற்றி
தணிக்கைக்காரர் இன்னும் மின்னஞ்சல் அனுப்புகிறார்.

பூப்பந்து அரங்கில் மடக்குக்கட்டில்கள் விரித்தோம்.
பக்கத்து நீச்சல்குளத்தின் குளோரின் மணம்,
அதன் நடுவே ஆற்றுச்சேறு மணக்கும் மனிதர்கள்.
ஸ்டான்லி மெட்கால்ஃப் கிளிக்கூண்டோடு வந்தார்.
விலங்குகளுக்கு அனுமதியில்லை: பக்கம் முப்பத்தொன்று.
அந்தப் பக்கத்தைக் கிழித்துக்
கூண்டின் அடியில் விரித்தேன்.

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது.
ஆக்சிஜன் உருளையோடு வாழ்பவர்கள்,
படியிறங்க முடியாதவர்கள்,
சைரன் காதில் விழாதவர்கள்.
நாற்பத்தேழு பெயர்.
மூன்றாவது, ஹில்டா புரூக்ஸ்பேங்க்.
நவம்பரிலேயே அடக்கம் ஆனவர்.
அவருடைய கதவை இரண்டு தீயணைப்பு வீரர்கள்
கால்மணி நேரம் தட்டியிருக்கிறார்கள்.

நாற்பத்தெட்டாவது பெயர் இல்லை.
நாற்பத்தெட்டாவது ஆள் இருந்தாள்.

மில் லேன் பதினேழு, நிலவறை.
வரிப்பதிவேட்டில் அது சரக்கறை.
வீட்டுக்காரர் அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்,
நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.
சரக்குக்கு யார் சைரன் ஊதுவார்கள்?
கணவன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவுப்பணி.
துடைப்பக் கட்டையால் அவள் கூரையை இடிக்க,
மேல்வீட்டுத் தபால்காரர்
தரைப்பலகையைக் கடப்பாரையால் பெயர்த்திருக்கிறார்.

ஐந்து மணிக்கு வந்தாள், மார்புவரை நனைந்து.
அழுக்குத்துணிக் கூடைக்குள் குழந்தை,
அது மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லாமல்.
பெயர் கேட்டேன். மெஹ்ரெத்.
எழுத்துக் கூட்டிச் சொன்னாள், இரண்டு முறை,
என் பேனா நடுங்கியதால்.

தண்ணீர் வடிந்த மறுவாரம்
அந்த நிலவறையை அளக்கப் போனேன்.
டேப் சேற்றில் சிக்கி நின்றுபோனது.
சுவரில் பழுப்பாய் ஒரு கோடு.
தரையிலிருந்து விரல் விரித்து எண்ணினேன்:
ஆறு சாண்.
அந்த உயரத்துக்கு நான் நிறம் வைத்திருக்கவில்லை.
மஞ்சளின் ஓரத்தில் தமிழிலேயே எழுதினேன்.
காப்பீட்டு ஆள் அதைப் பார்த்து
என்ன படம் இது என்றார்.

ஐந்தாம் பதிப்புக்காக இப்போது தெருத்தெருவாக நடக்கிறேன்.
பதிவேட்டை எடுத்துப்போவதில்லை.
ஒரு கதவில் எத்தனை அழைப்புமணி,
குப்பைத்தொட்டியில் எத்தனை வீட்டுச் சாப்பாடு,
சாலையைவிடத் தாழ்ந்த சன்னலில்
எங்கே துணி காய்கிறது?
மூன்று வாரத்தில் பதினொரு சரக்கறைகள்.
பதினொன்றிலும் தேநீர் கொடுத்தார்கள்.

ஸ்டான்லியின் கிளி சைரனைக் கற்றுக்கொண்டுவிட்டது.
கவுன்சிலுக்கு நான்கு புகார்.
நான்கும் என் மேசைக்குத்தான் வந்தன,
பதில் எழுதவில்லை.
எதிர்க்கட்டடத்தில் மெஹ்ரெத்துக்கு
வீடு வாங்கிக்கொடுத்திருக்கிறோம்.
கிளி கத்தும்போதெல்லாம்
குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாளாம்,
இரண்டாம் மாடியிலிருந்து.